அந்தப் பையனை ஐந்து வாரம் விட்டுவிடுங்கள்

பெங்களூரில் ஆஸ்டின் டவுன், கௌதம்புரா, மர்பி டவுன், விவேக் நகர், லிங்கராஜபுரம் பக்கங்களில் கால்பந்து டீம் நடத்துகிற அண்ணன்களுக்கும், கோடை டோர்னமெண்ட் கமிட்டிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

பெயரைப் போடாமலேயே நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வலது விங்கில் நின்று, இடது காலால் பந்தை உள்ளே வெட்டிக்கொண்டு வருகிற, பதினெட்டு வயது இன்னும் நிறையாத அந்தப் பையன். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து அவன் ஆடுகிற ஆட்டத்தை நம் பக்கத்து க்ரவுண்டுகளில் பார்க்காதவர்கள் குறைவு. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்துவிடுகிறான். இரண்டு பேர் அவனை அடைத்து நின்றாலும் மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு ஃபார்ம் ஒரு பையனுக்கு எப்போதாவதுதான் கூடி வரும். சிலருக்கு வராமலேயே வயதாகிவிடும்.

மாநில அணிக்கான முகாமுக்கு அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதற்கு இன்னும் ஐந்து வாரம். முகாமில் தேறினால் தேசியப் போட்டி. வாழ்த்துப் பேனர்கூட வைத்தாகிவிட்டது. அதே சுவரில், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கோடை செவன்ஸ் நோட்டீஸ்களும் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் குறைந்தது நான்கு டீம்கள் அவனைத் தங்கள் ஆளாக எழுதிக்கொண்டிருப்பதை நான் கேள்விப்பட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். அல்சூரில் சின்ன க்ளினிக். உங்களில் பலர் பையன்களை என்னிடம் கூட்டி வருகிறவர்கள், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். அவன் என்னிடம் வந்தானா, வந்திருந்தால் என்ன சொன்னான் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்; அது முறையில்லை. க்ரவுண்டில் நிற்கிற எல்லோர் கண்ணிலும் படுவதை மட்டும் சொல்கிறேன். போன சில வாரங்களாக இரண்டாவது பாதியில் அவன் கை அடிக்கடி தொடையின் பின்பக்கம் போகிறது. த்ரோ எடுக்கிற இடைவெளியில் குனிந்து நீவிக்கொள்கிறான். ஆட்டம் முடிந்து படியில் இறங்கும்போது ஒரு காலை முதலில் வைத்து, மற்றக் காலை இழுத்துச் சேர்க்கிறான். அப்போதும் அடுத்த டீம் ஆள் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறார்.

அவனுடைய வாரத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சனிக்கிழமை கல்லூரி மேட்ச் அல்லது டிவிஷன் மேட்ச். ஞாயிறு காலை ஏரியா டீம். ஞாயிறு மாலை வேறு ஏரியாவுக்கு கெஸ்ட் பிளேயர். வாரத்தின் நடுவில் இரண்டு இரவு, செயற்கைப் புல் டர்ஃபில் ஐந்து பேர் ஆடுகிற ஃபைவ்ஸ். அது தொடங்குவதே ஒன்பது மணிக்கு மேல், முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கும்போது நடுராத்திரி தாண்டிவிடும். காலையில் மறுபடியும் பயிற்சி. ஒவ்வொரு டீமுக்கும் அவன் ஆடுவது ஒரே ஒரு மேட்ச்தான். அதனால் யாருக்கும் தான் அதிகமாகக் கேட்பதாகத் தோன்றாது. ஒரே கிணற்றில் நான்கு தெரு தண்ணீர் இறைக்கும்போதும் இப்படித்தான், எந்தத் தெருவும் தான் எடுத்த குடங்களை மட்டும்தான் எண்ணும்.

நம் ஆட்களுக்குக் கால்பந்து மேல் இருக்கிற பாசத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கௌதம்புராவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசாவோடு பெலேவுக்கும் சிலை வைத்த ஜனங்கள் நாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை பிரான்சுக்கு எதிராக அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் பெங்களூரு அருமைநாயகம் இருந்தார். உலகக் கோப்பை வந்துவிட்டால் நம் தெருக்களில் மஞ்சளும் நீலமும் தவிர வேறு நிறம் தெரியாது. இந்த 2026 ஜூன் 11-ல் அது மறுபடி தொடங்குகிறது, இந்த முறை 48 அணிகளோடு. இப்போதே டீக்கடையில் யாருக்குக் கால் சரியில்லை, யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதுதான் பேச்சு.

2018-ல் முகமது சாலாவுக்கு நடந்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் தூங்கவில்லை, நினைவிருக்கிறதா? அந்த சீசனில் லிவர்பூலுக்காக 44 கோல். அதில் 32 பிரீமியர் லீக்கில் மட்டும். எகிப்து 1990-க்குப் பிறகு உலகக் கோப்பைக்குப் போனதே அவர் கடைசி நிமிடத்தில் அடித்த பெனால்டியால்தான். உலகமே அவரைப் பார்க்கக் காத்திருந்தது. மே 26, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ரமோஸோடு பின்னிக்கொண்டு விழுந்ததில் தோள்பட்டை போய்விட்டது. அழுதுகொண்டே வெளியே போனார். எகிப்தின் முதல் ஆட்டத்தன்று அவருக்குப் பிறந்தநாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆடினார், இரண்டு கோலும் அடித்தார், ஆனாலும் எகிப்து மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. அது விழுந்ததில் வந்த அடி, யாராலும் தடுத்திருக்க முடியாது. அதற்கே அவ்வளவு வருந்தினோம். டிவியில் ஒரு நட்சத்திரம் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நமக்கு நெஞ்சை அடைக்கிறது. நம் பையன் உட்கார்ந்தால் ‘ஸ்ப்ரே அடி, எழுந்திருடா’ என்கிறோம். இந்த வித்தியாசம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தடுக்கக்கூடியது எது என்று பார்க்க வேண்டுமானால் 2002-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் மே 15-ல் கிளாஸ்கோவில் லெவர்குசனுக்கு எதிராக பிரான்சின் ஜிடான் அடித்த வாலியை உங்களில் பாதிப் பேர் மொபைலில் வைத்திருப்பீர்கள். வானத்திலிருந்து இறங்கிய பந்தை இடது காலால் அப்படியே திருப்பினார். ரியல் மாட்ரிட்டுக்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஒரு ஆட்டக்காரர் இதைவிட உச்சத்தில் இருக்க முடியாது. அதற்குப் பிறகு பதினோரு நாள்தான். மே 26-ல் பிரான்சுக்குத் தென் கொரியாவோடு ஒரு நட்பு ஆட்டம். புள்ளியும் இல்லை, கோப்பையும் இல்லை. அதில் அவருக்குத் தொடைத் தசை போனது. உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள்தான் இருந்தது. பிரான்ஸ் அப்போது உலக சாம்பியன், ஐரோப்பிய சாம்பியன். அந்த சீசனில் இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் லீக்குகளில் கோல் பட்டியலின் உச்சியில் நின்ற ஹென்றி, ட்ரெசெகே, சிஸே மூன்று பேரும் ஒரே அணியில். முதல் ஆட்டத்தில் செனகலிடம் 0-1. உருகுவேயோடு 0-0. மூன்றாவது ஆட்டத்தில் ஜிடானைத் தொடையில் கட்டுப்போட்டு இறக்கினார்கள், டென்மார்க்கிடம் 0-2. ஒரு கோல்கூட அடிக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த உலகக் கோப்பையை வைத்தே சுவீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவர் குழுவும் ஒரு ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். என் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள்; டீம் நடத்துகிறவர்களும் படித்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் 11 பெரிய கிளப்புகளின் ஆட்டக்காரர்களை அந்த சீசன் முழுக்கக் கவனித்தார்கள். அவர்களில் 65 பேர் உலகக் கோப்பைக்குப் போனார்கள். போட்டியில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஆடியவர்கள், அதற்கு முந்தைய பத்து வாரங்களில் சராசரியாக 12.5 ஆட்டம் ஆடியிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியவர்கள் ஆடியிருந்தது 9 ஆட்டம். வித்தியாசம் மூன்றரை ஆட்டம்தான் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆடி வந்தவர்களில் 60 சதவீதம் பேர் உலகக் கோப்பையில் காயப்பட்டார்கள், இல்லையென்றால் தங்கள் தரத்துக்குக் கீழே ஆடினார்கள். அவர்களுக்கு டாக்டர் உண்டு, மசாஜ் உண்டு, அளந்து பரிமாறுகிற சாப்பாடு உண்டு, விரித்துவைத்த மாதிரிப் புல்தரை உண்டு. நம் பையன் பத்து வாரத்தில் எத்தனை ஆடுகிறான், எந்தத் தரையில் ஆடுகிறான், ஆடி முடித்து என்ன சாப்பிடுகிறான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னே வீசப்பட்டு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தொடையின் பின்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. ஹாம்ஸ்ட்ரிங் பெரும்பாலும் கிழிவது அந்தக் கணத்தில்தான். களைப்பில்லாத தசை அந்த இழுவையைத் தாங்கிவிடும். களைத்த தசை தாங்காது. அதனால்தான் இந்தக் காயங்கள் ஒவ்வொரு பாதியின் கடைசிக் கட்டத்தில் அதிகம் வருகின்றன. ஒரு முழு ஆட்டம் ஆடிய பிறகு தசையில் சேமித்த சக்தி நிரம்பி, ஓட்ட வேகம் பழைய நிலைக்கு வர இரண்டிலிருந்து மூன்று நாள் ஆகும். ஞாயிறு காலை ஆடியவனை ஞாயிறு மாலை இறக்கினால் அவன் ஓடுவான், கோலும் அடிப்பான். பதினேழு வயது உடம்பு அப்படித்தான் ஏமாற்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தசைநாரில் சேதம் மிச்சமாகிறது. ‘பிடிக்கிற மாதிரி இருக்கு’ என்று அவன் சொல்வது அதைத்தான். ஒருமுறை கிழிந்துவிட்டால், மறுபடி கிழிவதற்கு அந்தப் பழைய காயமே பெரிய காரணமாகிவிடும். பத்தொன்பது வயதில் மூன்றாவது முறையாகக் கிழித்துக்கொண்டு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கால் ஆறும். முழு வேகத்தில் ஓடலாம் என்ற நம்பிக்கை ஆறுவதில்லை.

வளர்கிற வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு வேகமாக நீளும், தசை பின்தங்கும். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கிற பையன்கள் ஒவ்வொரு டீமிலும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, நடிப்பும் இல்லை. தயவுசெய்து அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

அப்புறம் இந்த வலி மாத்திரை, வலி ஊசி. மே மாத வெயிலில் வியர்வை வழிந்து உடம்பு வறண்டிருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஆடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. காலுக்கும் ஆபத்து, ஏனென்றால் நிறுத்து என்று சொல்கிற ஒரே குரலை அது வாயடைத்துவிடுகிறது. அர்ஜென்டினாவுக்காக அவ்வளவு கோல் அடித்த பாடிஸ்டுடா ஓய்வுபெற்ற பிறகு கணுக்கால் வலி தாங்காமல், என் கால்களை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் நடக்க முடியாமல் இருந்த நாட்களில் அவருடைய கோல்களைப் பார்த்து நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இதே 2002-ல் இன்னொரு கதையும் இருக்கிறது. கௌதம்புராவில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரேசிலின் ரொனால்டோ. 1998 இறுதி ஆட்டத்தன்று மதியம் வலிப்பு வந்தவரை மாலையில் இறக்கினார்கள்; அன்று அவர் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, பிரேசில் 0-3. அதற்கு அடுத்த வருஷம் நவம்பரில் முட்டித் தசைநாண் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து 2000 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராகத் திரும்பி வந்தார். ஏழெட்டு நிமிடம்கூட இருக்காது, பந்தோடு போகும்போது யாரும் தொடாமலேயே விழுந்தார். மறுபடி அதே முட்டி. அடுத்த சீசன் முழுக்க ஆடவே இல்லை. அதற்கடுத்த சீசனிலும் ஆடியது கொஞ்சம்தான். பிரேசிலில் ரொமாரியோவை எடுக்கச் சொல்லி ஜனங்கள் பயிற்சியாளர் ஸ்கொலாரியை நச்சரித்தார்கள். அவர் ரொமாரியோவை விட்டுவிட்டு, ஆட்டம் குறைவாக ஆடியிருந்த ரொனால்டோவை அழைத்துப்போனார். ஏழு ஆட்டம், எட்டு கோல். யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டு கோலும் அவருடையது. அந்த ஜூனில் உலகத்தின் சிறந்த கால்கள் பல களைத்துக் கிடந்தன. அவருடையது பசியோடு வந்தது. அந்த உலகக் கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

இதைச் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் க்ரவுண்டில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். ‘ஆடாமல் இருந்தால் டச் போய்விடும்’ என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1982-ல் இத்தாலியின் பாவ்லோ ரோசி இரண்டு வருஷத் தடை முடிந்து வந்து, மூன்றே மூன்று லீக் ஆட்டம் ஆடிவிட்டு உலகக் கோப்பைக்குப் போனார். முதல் சுற்றில் மூன்று ஆட்டத்திலும் கால் ஓடவில்லை, கோல் இல்லை. பயிற்சியாளர் பெயார்ஸோட் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை. பிறகு பிரேசிலுக்கு எதிராக மூன்று கோல், போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதி ஆட்டத்தில் ஒன்று. இரண்டு வருஷம் ஆடாதவருக்கே சில ஆட்டங்களில் டச் திரும்பியது. நான் கேட்பது இரண்டு வருஷம் இல்லை. அவனைக் கட்டிலில் படுக்க வைக்கச் சொல்லவும் இல்லை. பெரிய போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொள்வதுதான் உலகம் முழுக்க இன்று நடக்கிற முறை. குறைவாக ஓடு, ஆனால் ஓடும்போது முழுசாக ஓடு. டச் அங்கேயேதான் இருக்கும்.

இன்னொரு பதில், ஜர்னைல் சிங். இதைச் சொல்கிற பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1962-ல் தலையில் தையலோடு, டிஃபெண்டராக இருந்தவரை இந்திய அணிப் பயிற்சியாளர் ரஹீம் சாகிப் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியிலும் கோல், தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் கோல். 2-1, தங்கம். உண்மையிலேயே பெரிய வீரம். ஆனால் அண்ணா, அது ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். ஜர்னைல் சிங் அந்தத் தலையைக் கொடுத்தது அதற்காக. நீங்கள் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை செவன்ஸில் லீக் சுற்று ஆட்டத்துக்கு. தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இவன் வலியோடு ஆடுகிறேன் என்று நின்றால், நானே ஓரத்தில் நின்று கட்டுப் போட்டுவிடுகிறேன்.

நம் தேசிய அணிக்கு நடந்ததைப் பார்த்தும் நமக்கு உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2023-ல் இம்பாலில் கோப்பை, புவனேஸ்வரத்தில் கோப்பை, அப்புறம் நம் கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிராக மழையில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தபோது அவருக்கு 38 வயது. குவைத்தோடு இறுதி ஆட்டம் பெனால்டி வரை போய், கோல்கீப்பர் குர்ப்ரீத் கடைசியாகத் தடுத்தபோது அந்த ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். இந்தியா உலகத் தரவரிசையில் 99-க்கு வந்தது. ஆனால் அது ஜூலை. ஆசியக் கோப்பை இருந்தது அடுத்த ஜனவரியில். நடுவில் கிளப் சீசன் டிசம்பர் கடைசி வரை ஓடியது. அன்வர் அலி, ஆஷிக் குருணியன், ஜீக்சன் சிங் காயத்தால் போக முடியவில்லை. தயாராவதற்குக் கிடைத்தது கொஞ்ச நாள். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோலும் இல்லை. ஆஸ்திரேலியா நம்மைவிடப் பெரிய அணி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூலையில் கண்டீரவாவில் நாம் பார்த்த அந்த அணி ஜனவரியில் கத்தாரில் இல்லவே இல்லை. அவர்களுடைய நல்ல நாட்கள் முன்னாலேயே செலவாகியிருந்தன.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் ஓய்வு எடு என்று ஒரு பையனிடம் சொல்வது நியாயமில்லை. கெஸ்ட் பிளேயராகப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் அவன் கையில் வருகிற பணம் வீட்டில் அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் போகிறது. அவன் அதை ஆசைக்காக வாங்கவில்லை. பரிசுத் தொகைக்காக அவனை இழுக்கிற டீம்களும் பணக்கார டீம்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் சின்னப் பையன்களுக்கு ஜெர்சியும் பந்தும் வாங்குகிறீர்கள். ஆனால் முகாமில் தேறினால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலத்துக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு காலத்தில் இந்த ஊரின் பொதுத்துறை ஃபேக்டரி டீம்களில் ஆடித்தான் நம் ஆட்கள் எத்தனையோ பேர் நிரந்தர வேலைக்குப் போனார்கள், குடும்பத்தைக் கரையேற்றினார்கள். அந்த வாசல்கள் இன்று குறுகிவிட்டன. திறந்திருக்கிற சிலவற்றுக்கு மாநில ஜெர்சிதான் சாவி. அந்த ஜெர்சியின் மதிப்பும் இப்போது கூடியிருக்கிறது. 54 வருஷத்துக்குப் பிறகு 2023-ல் கர்நாடகா, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியை ரியாத்தில் வென்று வந்ததை நீங்களே பட்டாசு வெடித்துக் கொண்டாடினீர்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். அவனை எழுதிவைத்திருக்கிற டீம்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். ஐந்து வாரத்துக்கு அவனுக்கு வந்திருக்கக்கூடிய பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து, அவன் அம்மா கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆடாததற்குச் சம்பளமா என்று கேட்காதீர்கள். உலகத்தின் பெரிய கிளப்புகள் நட்சத்திரங்களுக்குத் தருவதில் ஒரு பகுதி அதற்குத்தான். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அவனுடைய சொந்த டீமுக்கு மட்டும். கடைசி இரண்டு வாரம் ஆட்டமே வேண்டாம், அளவான பயிற்சி போதும். இரவு டர்ஃப் அடியோடு வேண்டாம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், அதற்கு ஈடான மருந்து என்னிடம் எதுவும் இல்லை. பின்தொடைக்கான பயிற்சிகளை நானே வந்து சொல்லித்தருகிறேன், அவனுக்கு மட்டுமில்லை, எல்லாப் பையன்களுக்கும். அவற்றைத் தவறாமல் செய்கிற அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு ஜோடிப் பையன்களும் கொஞ்சம் தரையும் இருந்தால் போதும், காசு செலவில்லை.

கமிட்டிக்காரர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மைக் செட்டில் அவன் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பதை இந்தக் கோடைக்கு நிறுத்துங்கள். அவன் பெயர் அறிவித்தாகிவிட்டது, ஜனம் வந்துவிட்டது என்ற பிறகு, கால் பிடிக்கிறது என்று சொல்கிற தைரியம் எந்தப் பையனுக்கும் வராது. முடிந்தால் நோட்டீஸிலேயே ஒரு விதி போடுங்கள்: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடக்கூடாது, ஒரே டோர்னமெண்டில் ஒரு டீமுக்கு மேல் ஆடக்கூடாது. இந்த ஊரில் முதலில் அந்த விதியைப் போடுகிற கமிட்டிக்கு என் க்ளினிக்கிலிருந்து ஆட்ட நாள் முழுக்க ஆள் அனுப்புகிறேன், பணம் வேண்டாம்.

அவனிடம் இதை யாராவது ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். ஆடாமல் இருந்தால் உங்களுக்குத் துரோகம் செய்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஐந்து வயதில் அவனுக்கு முதல் பந்தை வாங்கிக் கொடுத்தது உங்களில் ஒருவர், முதல் ஸ்டட்ஸ் வாங்கிக் கொடுத்தது இன்னொருவர். அதனால் உங்களிடம் ‘முடியாது’ என்று அவனால் சொல்ல முடியாது. நான் சொன்னால் டாக்டர் அக்கா பயமுறுத்துகிறாள் என்று சிரித்துவிட்டுப் போவான். நீங்கள் சொன்னால் கேட்பான். ‘போடா, முகாமுக்குத் தயாராகு, உன் இடம் இங்கேதான் இருக்கு’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஆட்டங்கள் தொடங்கும் முன், ஏழு மணிக்கு நான் ஆஸ்டின் டவுன் க்ரவுண்டுக்கு வருகிறேன். நான்கு டீம்களின் பொறுப்பாளர்களும் வந்தால் பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். அன்றைய உங்கள் பட்டியலில் வலது விங்குக்கு வேறு பையன் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அல்சூர் பிசியோ தங்கச்சி